ஏன்டி, ஆயா வேலையா?

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரவு. ஊரில் அப்போது ஞாயிறு காலை. அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. வேலை எப்படிப் போகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அத்தையின் குரல்: "ஏன்டி, பி.எட். வரைக்கும் படிச்சுட்டு அங்க போயி ஆயா வேலையா பாக்குற?"

அத்தை என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, வருத்தத்தில் கேட்டார். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முசிறிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறு வருடம் அறிவியல் எடுத்தேன். டொராண்டோவுக்கு வந்த பிறகு, இங்கே டீச்சர் ஆக வேண்டுமென்றால் மாகாண ஆசிரியர் அமைப்பில் பதிவு வேண்டும் என்றார்கள். சான்றிதழ்கள் ஊரிலிருந்து வந்து சேரவே மாதங்கள் ஓடின. சும்மா இருக்க முடியாமல், போலீஸ் சரிபார்ப்பும் முதலுதவிச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு நகரின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு டே கேரில் உதவியாளராகச் சேர்ந்தேன். கொஞ்ச நாளைக்கு என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரமே ஒரு அடி. மூன்று வயதுச் சின்னவள் ஒருத்தி தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனில் எடுத்து ஊட்டப் போனேன். அந்த அறைக்குப் பொறுப்பான டீச்சர் மெதுவாக என் தோளைத் தொட்டு, "அவளே சாப்பிடுவாள், பக்கத்தில் இருந்தால் போதும்" என்றார். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நம் வீட்டில் ஐந்து வயதுவரை நிலாவைக் காட்டி ஊட்டுகிறோம். அந்தக் கைக்கு இங்கே வேலையில்லையா என்று மனசு வெம்பியது.

அந்த வெம்பலைத் தீர்த்து வைத்தது பனிக்காலம். ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ டே கேரில் இருக்கும் இரண்டரை வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளை, வானிலை ஒத்துழைத்தால், தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விளையாட விட வேண்டும் என்பது எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் விதி. வெளியே போவதற்கு முன்னால் இருக்கிறது பெரிய வேலை. முதலில் பனிக்கால்சட்டை, அப்புறம் பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கடைசியில் கையுறை. வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து. இரண்டரை வயதுக்கு மேற்பட்டவர்கள் அறையில் எட்டுக் குழந்தைக்கு ஒருவர் என்பது கணக்கு. எட்டாவது குழந்தைக்குக் கையுறை மாட்டும்போது முதல் குழந்தை, "பாத்ரூம்" என்று வந்து நிற்கும்.

ஒருநாள், நான் ஊட்டப்போன அதே சின்னவள் ஜாக்கெட்டைத் தரையில் விரித்தாள். தொப்பிப் பக்கம் அவள் காலருகே இருந்தது. குனிந்து இரண்டு கைகளையும் நுழைத்து, அப்படியே தலைக்கு மேலே ஒரு வீசு வீசினாள். ஜாக்கெட் முதுகில் வந்து சரியாக உட்கார்ந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஊட்டிவிடாத கைக்கு என்ன வேலை என்று எனக்குக் காட்டியவள் அவள்தான்.

அதற்கப்புறம்தான் இதையே படிக்கலாம் என்று முடிவெடுத்தேன். குழந்தைப் பருவக் கல்வியில் இரண்டு வருட டிப்ளமோ. பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்பதால் எனக்கு நான்கு வருடம் ஆகிறது. குழந்தை அழுதான் என்று எழுதினால் அங்கே போதாது. யார் விட்டுவிட்டுப் போன பிறகு, எதைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரம் அழுதான், எது அவனைத் தேற்றியது என்று எழுத வேண்டும். இங்கே 2007-ல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்கென உள்ள அமைப்பில் பதிவு பெறாத யாரும் 'குழந்தைப் பருவக் கல்வியாளர்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. சம்பளத்திலும் அது தெரிகிறது: 2024-ல் பதிவு பெற்றவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 23.86 டாலர் என்று வைத்தார்கள். உதவியாளர்களுக்கு அந்த வரம்பு கிடையாது. அதே அறை, அதே குழந்தைகள், அதே முதுகுவலி. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்போது 54-ஆம் எண் பஸ்ஸில் தூங்கி வழிந்தாலும் என் நிறுத்தத்தில் கண் திறந்துவிடுகிறது. மைனஸ் இருபது என்றாலும் பதறுவதில்லை. காலூன்றிவிட்டேன் என்றுதான் அம்மாவிடம் சொல்கிறேன். மதியத் தூக்க நேரம் மட்டும் என்னை ஊருக்கு இழுத்துப் போய்விடுகிறது.

அத்தை கேட்டதற்கு மறு திங்கட்கிழமை. திரையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்திருந்தோம். இரண்டு கட்டில்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, இடது கையால் ஒருவனையும் வலது கையால் ஒருத்தியையும் முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன். வாய்க்குள் ஏதோ ஒரு முணுமுணுப்பு. இப்படித் தட்ட எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லையே என்று சட்டென்று தோன்றியது.

எங்கள் ஊர்ப் பால்வாடி. முப்பது பிள்ளைகளுக்கு மேல் இருந்தோம். ஒரு டீச்சர், ஒரு ஆயா. சாப்பாடு முடிந்ததும் ஆயா பாயை விரித்து, நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கையாலும் தட்டுவார். தூங்கினவர்களை விட்டுவிட்டு அப்படியே நகர்ந்து அடுத்த இருவருக்குப் போவார். அவர் சேலையில் விறகுப் புகையும் சத்துமாவும் கலந்த வாசனை. அம்மாவைத் தேடி அழுதவள் நான். என்னை எதுவும் கேட்க மாட்டார். முந்தானையின் நுனியைக் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அதைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடப்பேன், அழுகை நின்றுவிடும். எது என்னைத் தேற்றும் என்று அவர் எங்கே எழுதி வைத்திருந்தார்?

அடுத்த சனிக்கிழமை அத்தையே போனை வாங்கிப் பேசினார். "ஆமா அத்தை, ஆயா வேலைதான் பாக்குறேன். அதுக்குத்தான் படிக்கிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சாப்பிட்டியா?" என்றார்.

அம்மாவிடம் கேட்டேன், பால்வாடி ஆயாவின் பெயர் என்னவென்று. அம்மா யோசித்தார். அத்தையிடம் கேட்டார். இருவருக்கும் தெரியவில்லை.

"ஆயான்னுதானடி எல்லாரும் கூப்பிடுவோம்" என்றார் அம்மா. காலனிப் பக்கம் அவர் பேத்தி ஒருத்தி இருக்கிறாளாம், விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நாளைக்குச் சனிக்கிழமை.