இரண்டு நாள் நிறுத்தம், ஆறு நாள் அல்லல்

சுத்திகரிப்பு நிலையத்தில் மேம்பாட்டுப் பணி நடப்பதால் திங்கள், செவ்வாய் ஆகிய இரண்டு நாள்களும் குழாய்த் தண்ணீர் வராது என்று நாளிதழில் வந்த அறிவிப்பில் எங்கள் பகுதியின் பெயரும் இருந்தது. சென்னையில் 2019-ஆம் ஆண்டுக் கோடையைக் கடந்து வந்தவர்களுக்கு இரண்டு நாள் ஒரு பொருட்டா என்றுதான் நானும் நினைத்தேன். எட்டு வீடுகள், ஏறத்தாழ முப்பது பேர், பன்னிரண்டாயிரம் லிட்டர் சம்பு, அதாவது நிலத்தடித் தொட்டி. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசுக் கணக்கை வைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய மூன்று நாளுக்குப் போதும் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் உறுதி கூறியவன் நானே.

அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சம்பு பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழம். கட்டியவர் சொன்ன பன்னிரண்டாயிரம் லிட்டர் என்பது சரியான அளவுதான். ஆனால் மிதவைப் பந்து மூடிக்கு ஓரடி கீழேயே வரவை அடைத்துவிடும். அடியில், மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் குழாயின் முனையான ஃபுட் வால்வ் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நிற்பதால் அதற்குக் கீழே உள்ள தண்ணீர் மோட்டாருக்கு எட்டாது. மேலே ஓரடி, கீழே ஓரடி என்று நாலாயிரம் லிட்டர் கணக்கிலேயே இல்லை. மிச்சமிருந்த எட்டாயிரம் சொச்சம் சரியாக இரண்டு நாளுக்கு மட்டுமே வரும். உங்கள் சம்புவின் கொள்ளளவை யாராவது சொன்னால், ஃபுட் வால்வ் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு நம்புங்கள்.

போதாக்குறைக்கு, ஞாயிறு இரவே எல்லா வீட்டிலும் அண்டா, டிரம், பக்கெட் என்று இருந்த பாத்திரமெல்லாம் நிரம்பின. அப்படிப் பிடித்து வைத்ததை முதலில் செலவழிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை; என் வீடும் விலக்கல்ல. அதைப் பத்திரமாக மூடி வைத்துவிட்டு, குழாயில் வந்த தண்ணீரையே வழக்கம்போல் புழங்கினோம். செவ்வாய் இரவு மோட்டார் காற்றை இழுத்து வெறுமனே ஓடியது. அதை நிறுத்தி, பிறகு மறுபடியும் தண்ணீர் ஊற்றி ஏர்லாக்கை, அதாவது உள்ளே சிக்கிய காற்றை எடுக்க, மூடி வைத்த டிரம்மிலிருந்துதான் இரண்டு பக்கெட் போயிற்று.

புதன்கிழமை காலையில் லாரித் தண்ணீருக்கு அலைந்தேன். பகுதி முழுவதும் அதே நேரத்தில் அதே எண்களை அழைத்துக்கொண்டிருந்ததால், வழக்கமாக வருபவர் தொலைபேசியையே எடுக்கவில்லை. வேறொரு தனியார் லாரிக்காரர் வழக்கமான விலைக்கு மேல் ஆயிரம் ரூபாய் கேட்டு, ஆறாயிரம் லிட்டர் தருவதாக ஒப்புக்கொண்டு, பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லி, மாலை நாலரைக்கு வந்தார். ஓஸ் போடுவதற்கு முன்னால் ஒரு மூங்கில் குச்சியைச் சம்புக்குள் விட்டு நனைந்த இடத்தில் கோடு போட்டு வைத்தேன். எங்கள் சம்புவில் ஓர் அங்குலம் உயர்ந்தால் 170 லிட்டர். ஆறாயிரத்துக்கு 35 அங்குலம் ஏற வேண்டும். ஏறியது 27 அங்குலம். நாலாயிரத்து அறுநூறு லிட்டருக்கு ஆறாயிரத்தின் விலை! குச்சியைக் காட்டிக் கேட்டபோது, "சார், இன்னிக்குத் தண்ணி கெடச்சதே பெரிசு, நீங்க குச்சி வெச்சி அளக்கறீங்க" என்று சிரித்தார். கால் மணி நேரம் வாக்குவாதம் செய்து முந்நூறு ரூபாய் குறைத்தேன். இந்த ஆறு நாளில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான்.

தண்ணீரின் தரத்தையும் இறக்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். நான் பின்னால்தான் பார்த்தேன். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர், வழக்கமாக நானூறைத் தாண்டாதது, 1,400 காட்டியது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி 500 வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆகவே அது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை. முதல் பக்கெட்டை லாரியிலிருந்தே பிடித்து மீட்டரை விட்டுப் பார்த்திருந்தால் திருப்பி அனுப்பும் வாய்ப்பாவது கையில் இருந்திருக்கும்.

பணி சொன்னபடி செவ்வாயன்றே முடிந்துவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாள்தோறும் செம்பரம்பாக்கத்தில் 53 கோடி லிட்டரும் புழலில் 30 கோடி லிட்டரும் சுத்திகரிக்கும் அளவுக்குப் பெரிய நிலையங்கள் உள்ள ஊரில், ஒரு நிலையத்தை மீண்டும் இயக்கிய மறுகணமே தெருக்கோடியில் தண்ணீர் வந்துவிடாது. காலியான பெருங்குழாய்கள் நிரம்பி, பகிர்மான நிலையத்தின் தொட்டிகள் நிரம்பி, அதன் பிறகு தாழ்வான தெருக்களும் குழாயின் தொடக்கத்தில் உள்ள வீடுகளும் பிடித்தது போக, கடைசியில்தான் எங்களைப் போன்ற மேட்டுத் தெருக்களின் முறை வரும். அறிவிப்பில் இரண்டு நாள் என்றிருந்தால் வீட்டில் நான்கு நாளுக்கு ஏற்பாடு செய்வதே சரி.

உண்மையான இழப்பு தண்ணீர் இல்லாதபோது நேரவில்லை, வந்தபோதுதான் நேர்ந்தது. வியாழக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டதும், எங்கள் காவலாளி மகிழ்ச்சியோடு சம்புவின் வால்வை முழுவதும் திறந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். திறக்க வேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மூன்று நாள் வறண்ட குழாயில் தண்ணீர் வேகமாகப் பாயும்போது உள்ளே படிந்திருந்த துருவும் மண்ணும் பெயர்ந்து வரும். அதைவிடக் கவலைக்குரியது, அழுத்தமில்லாத குழாயின் விரிசல்கள் வழியே சுற்றியுள்ள அழுக்குநீர் உள்ளே கசிந்திருக்கக்கூடும் என்பது. ஆறு மணிக்கு என் வீட்டுக் குழாயைத் திறந்தபோது டீத்தூள் கொதித்த நிறத்தில் கொட்டியது. சம்பு, மேல்தொட்டி, எட்டு வீட்டுக் குழாய்கள் எல்லாம் அதே நிறம். என் ஆர்ஓ இயந்திரத்தின் முன்வடிகட்டி அன்று காலையே அடைத்துக்கொண்டது. அந்தத் தண்ணீரைக் கழிவறைக்கும் தரை கழுவவும் மட்டும் பயன்படுத்தி, கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தோம்.

வெள்ளிக்கிழமை சம்புவைக் கழுவ ஆள் வந்தது. மோட்டாருக்கு எட்டாத அந்த ஓரடித் தண்ணீரை இறைத்து எடுத்தபோது அடியில் இரண்டு விரல்கடைச் சேறு இருந்தது. அது ஒரு வாரத்துச் சேறு அல்ல, எங்கள் சங்கத்தின் பல ஆண்டுச் சோம்பல். வந்தவர் கறை போக வேண்டுமென்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பக்கெட்டில் கலக்கப் போனார். நல்லவேளையாக அருகில் நின்றேன். இரண்டும் சேர்ந்தால் கிளம்பும் குளோரின் வாயு, மூடிய சம்புக்குள் ஆளைக் கொல்லக்கூடியது. மூடியை வெகுநேரம் முன்பே திறந்து வைக்காமலும், வெளியே ஓர் ஆள் நிற்காமலும் யாரையும் சம்புக்குள் இறக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நின்ற தெளிவால் சுவர்களைத் தேய்த்து, அரைமணி நேரம் ஊறவிட்டு அலசினோம். பவுடர் புதிய பொட்டலமாக இருக்க வேண்டும். பழையதில் வாசனை இருக்கும், வீரியம் இருக்காது. மேல்தொட்டிக்கும் அப்படியே செய்தோம். அன்றிரவு தெளிந்த தண்ணீர் வந்தது.

அதைக் குடிக்கலாமா என்ற ஐயம் எல்லோருக்கும் இருந்தது. நீச்சல்குளத்துக்கு விற்கும் குளோரின் சோதனைத் துளி மருந்தை வாங்கி வந்து, சனிக்கிழமை காலை வாசல் குழாய்த் தண்ணீரில் விட்டேன்; இளமஞ்சள் படிந்தது. குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்ற அளவுக்கு அந்த நிறம் பொருந்தியது. பக்கத்து வீட்டு மாமி அதை மூன்று முறை செய்து காட்டச் சொன்னார். இருந்தும் இன்னும் ஒரு வாரம் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம்.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் ஒரு நாள் நிறுத்தம் வந்தது. இம்முறை சம்பு வால்வின் கைப்பிடியைக் கழற்றி நானே வைத்துக்கொண்டேன். வாசலில் உள்ள அடிபம்பும் அதே குழாயில், சம்பு வால்வுக்கு முன்னால் இருப்பது அதுவரை யாருக்கும் தோன்றவே இல்லை. தண்ணீர் வந்ததும் காவலாளி அண்ணன் அடிபம்பில் அடித்து, வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் பதினேழு பக்கெட்டும் கலங்கல். செடிகளுக்கும் வாசல் தெளிக்கவும் போயிற்று. பதினெட்டாவது பக்கெட்டில் கிண்ணத்தின் அடி தெரிந்தது. பிறகுதான் என்னை எழுப்பிக் கைப்பிடியைக் கேட்டார்.