கிரைய ஒப்பந்தம்: காவல் நிலையம் கேட்ட கேள்வியும் நீதிமன்றம் கேட்ட கேள்வியும்

நிலத்தை விற்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, அட்வான்ஸும் வாங்கிக்கொண்ட ஒருவர், கெடு நெருங்கும் நேரத்தில் கிரையம் செய்து தர மறுத்தால் அது மோசடியா, ஒப்பந்த மீறலா? என் அக்கா வாங்க இருந்த ஒரு வீட்டுமனைக்காக இந்தக் கேள்வியோடு காவல் நிலையத்துக்கும் போனோம், சார்பு நீதிமன்றத்துக்கும் போனோம். அலைச்சல் பெரும்பாலும் எனக்கு, வழக்கு அக்காவுக்கு. இதே நிலையில் தவிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விவரம் இவ்வளவுதான். முத்திரைத்தாளில் கிரைய ஒப்பந்தம், இரண்டு சாட்சிகள், ஆறு மாதக் கெடு. பேசிய விலையில் ஒரு பகுதி அட்வான்ஸாக வங்கி மூலம் போயிருந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய விற்பவர் சம்மதிக்கவில்லை. சில மாதங்களில் அந்தப் பக்கம் புதிய சாலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பி, மனை விலை ஏறியது. அதற்கப்புறம் அவர் போனை எடுப்பதே அபூர்வமாகிவிட்டது. நேரில் போனால், "இப்போதைய விலைக்குப் பேசுங்கள்" என்றார்.

உறவினர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "420 கேஸ் போடுங்கள், தானாக வழிக்கு வருவார்." வக்கீலுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் புகார் கொடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. "கொடுங்கள். அவரை விசாரணைக்கு அழைத்து எழுதி வாங்குவார்கள். அவர் என்ன எழுதுகிறார் என்று பார்ப்போம். அதே நேரம் வக்கீல் நோட்டீஸும் போகட்டும்" என்றார். அந்தப் பேச்சின் அருமை எங்களுக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

புகாரை வாங்கிக்கொண்டு, புகார் வந்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். முதல் தகவல் அறிக்கை போடவில்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் சொல்லியிருக்கிறது. ஆனால் பணம், வணிகம் தொடர்பான தகராறுகளில் முதலில் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்றும் அதே தீர்ப்பு இடம் தருகிறது. எங்கள் புகார் அந்த வகையில் போனது.

விசாரித்த ஆய்வாளர் பொறுமையானவர். அக்காவைப் பார்த்து அவர் கேட்டது சில கேள்விகள்தான். "அம்மா, கையெழுத்துப் போட்ட அன்றைக்கு மனை அவர் பேரில் இருந்ததா? அதற்கு முன்பே வேறு யாருக்காவது விற்றிருந்தாரா, அடமானம் வைத்துவிட்டு மறைத்தாரா? காட்டிய பத்திரம் உண்மையானதா?" வில்லங்கச் சான்றை நீட்டினோம். மனை அவருடையதுதான். வில்லங்கம் எதுவும் இல்லை. பத்திரமும் உண்மை. "அப்படியென்றால் பணம் வாங்கும்போது உங்களை ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்தது என்று நான் எதை வைத்துச் சொல்வது?" என்றார்.

ஏமாற்றுதல் என்ற குற்றத்தின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான். அப்போது அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 415, 420 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு. எண் மாறியிருக்கிறது, இந்த அடிப்படை மாறவில்லை. வாக்குக் கொடுத்த நேரத்திலேயே அதை நிறைவேற்றும் எண்ணம் இல்லாமல், பொய் சொல்லிப் பணத்தை வாங்கியிருக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பேராசையில் மனம் மாறினால் அது ஒப்பந்த மீறல். உச்ச நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. வாக்கைக் காப்பாற்றவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து, ஆரம்பத்திலேயே கெட்ட எண்ணம் இருந்தது என்று முடிவு கட்டவும் முடியாது.

இப்படிப்பட்ட புகார் எதுவுமே நிற்காது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வக்கீல் அலுவலகத்திலேயே இன்னொரு கட்சிக்காரரைப் பார்த்தேன். அவருக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர், அதற்கு முன்பே அதே மனையைப் பதிவுப் பத்திரம் மூலம் வேறொருவருக்கு விற்றிருந்தார். அங்கே எஃப்.ஐ.ஆர். பதிவானது. அதை ரத்து செய்யக் கேட்டு எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றம் போயும் பலிக்கவில்லை. வேறொருவருக்கு விற்றது ஒப்பந்தத்துக்கு முன்பா, பின்பா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே சம்பவம் சிவில் தவறாகவும் குற்றமாகவும் இருக்கலாம் என்பதை 2006இல் இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கும் என்.இ.பி.சி. நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பணத்தை வசூலிக்கக் குற்ற வழக்கை அழுத்தமாகப் பயன்படுத்தும் போக்கைக் கண்டித்ததும் அதே தீர்ப்புதான்.

"உரிமையியல் தன்மை கொண்டது, உரிய நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளவும்" என்று எழுதிப் புகாரை முடித்தார்கள். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்த விசாரணையில் விற்பவர் தன் கைப்பட ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருந்தார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அதன் நகலை வாங்கினோம். "ஒப்பந்தம் போட்டது உண்மை, அட்வான்ஸ் வாங்கியதும் உண்மை, தற்போதைய சந்தை விலை கொடுத்தால் கிரையம் செய்து தரத் தயார்" என்று அதில் இருந்தது. வக்கீல் அதை நிதானமாகப் படித்துவிட்டு வழக்குக் கட்டில் செருகி வைத்தார்.

சிவில் வழக்கின் பெயர் "ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு". ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டதை அப்படியே நிறைவேற்றித் தரும்படி கேட்பது. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின்படி தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் கெடு தேதி இருந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். காவல் நிலையத்தில் புகார் நிலுவையில் இருந்தது என்பதற்காக அந்தக் காலம் நீளாது. நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் 2017இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைந்தது. அதை அட்வான்ஸ் தொகைக்குக் கணக்கிடுவதில்லை, பேசிய முழு விலைக்கும் கட்ட வேண்டும். கிரையம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற மாற்றுப் பரிகாரத்தையும் பிராதிலேயே, அதாவது வழக்கு மனுவிலேயே, கேட்க வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது. மனையை வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கிய பிறகுதான் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

விற்பவரின் பதில் மனுவான எதிருரை வந்தபோது கதை மாறியிருந்தது. "அது கிரைய ஒப்பந்தமே இல்லை. கடன் வாங்கினேன், அதற்கு ஈடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்" என்றார். இந்த ஊர் நீதிமன்றங்களில் இப்படிப்பட்ட வழக்குகளில் அடிக்கடி வரும் எதிர்வாதம் இது. எழுத்தில் இருக்கும் நிபந்தனைக்கு மாறாக வாய்மொழிச் சாட்சியம் சொல்லக் கூடாது என்பது பொது விதி. ஆனால் இந்த ஆவணமே வெறும் பேருக்குப் போட்டது, கிரைய நோக்கம் இருந்ததே இல்லை என்று நிரூபிக்க வழி உண்டு. அதனால் நீதிமன்றம் இதை எளிதில் தள்ளிவிடாது. விலை நியாயமானதா, முன்பின் கொடுக்கல் வாங்கல் உண்டா, வட்டி என்று ஏதாவது தொகை போயிருக்கிறதா, சாட்சிகள் யார் என்று துருவும். எங்கள் தரப்பில் வங்கிக் கணக்கில் அன்றைய குறிப்பே "மனை அட்வான்ஸ்" என்று இருந்தது. காவல் நிலைய வாக்குமூலம் இப்போது கட்டிலிருந்து வெளியே வந்தது. குறுக்கு விசாரணையில் அதைக் காட்டி, "இந்தக் கையெழுத்து உங்களுடையதா? இதில் கடன் என்ற சொல் எங்கே இருக்கிறது?" என்று எங்கள் வக்கீல் கேட்டார். விற்பவர் வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பதற்றத்தில் எழுதினேன்" என்றார். அந்தப் பதிலும் பதிவானது.

பதியப்படாத ஒப்பந்தம் என்பது அடுத்த ஆட்சேபம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது கட்டாயம். அப்படியிருக்க இதைச் சாட்சியமாக ஏற்கலாமா என்பது கேள்வி. பதிவுச் சட்டத்தின் 49ஆம் பிரிவின் வரம்புரை, அதாவது அதில் உள்ள விதிவிலக்கு, ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் பதியப்படாத ஆவணத்தையும் ஒப்பந்தம் நடந்ததற்குச் சாட்சியமாக ஏற்கலாம் என்கிறது. பதிவைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகும் அந்த வரம்புரை பொருந்தும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது வந்தபோது எங்கள் வழக்கு விசாரணையில் இருந்தது. ஆட்சேபம் அத்தோடு போயிற்று. ஆனாலும் ஒப்பந்தம் போடுகிற யாரும் பதிந்துவிடுவதே நல்லது. பதிந்திருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை, வில்லங்கச் சான்றிலும் ஏறியிருக்கும்.

"விற்பவர் தவறினால் அட்வான்ஸை இரட்டிப்பாகத் தர வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதைத் தந்துவிடுகிறோம், கிரையம் கேட்க முடியாது என்றும் வாதாடிப் பார்த்தார்கள். தவறினால் இவ்வளவு தொகை என்று எழுதியிருப்பது மட்டும் கிரையம் கேட்பதைத் தடுக்காது. பணம் கட்டிவிட்டு விலகிக்கொள்ளும் உரிமையாக அது எழுதப்பட்டிருந்தால்தான் வேறு கதை.

இதையெல்லாம்விட எங்களை அதிகம் வாட்டியது வேறொன்று. வழக்கு போட்ட நாங்களே எங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது. மீதித் தொகையைக் கொடுத்துக் கிரையம் பெற, கெடு காலம் முழுக்கவும் அதற்குப் பிறகும் வாங்குபவர் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்பதை அவர்தான் காட்ட வேண்டும். தயார் என்றால் கையில் வசதி. விருப்பம் என்றால் நடத்தை. குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு, எல்லாம் சரியாக இருந்தும் நீதிபதி தன் விருப்பப்படி பரிகாரத்தை மறுக்கும் இடம் சுருங்கிவிட்டது. ஆனால் இந்தச் சுமை அப்படியே இருக்கிறது. அதிலும் நகர்ப்புற மனைகளின் விலை விறுவிறுவென்று ஏறும் காலத்தில், சிறு தொகை கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் சும்மா இருப்பவருக்கு நீதிமன்றம் தயவு காட்டாது. தமிழ்நாட்டிலிருந்து போன மேல்முறையீடுகளிலேயே 1997இலும் 2011இலும் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது.

அக்காவுக்காக நான் பவர் வாங்கிக்கொண்டு சாட்சி சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தோம். வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மனதிலிருந்த விருப்பத்தைப் பற்றி நீங்கள் எப்படிச் சாட்சி சொல்ல முடியும், அவரே கூண்டில் ஏற வேண்டும் என்றார். அக்கா ஏறினார். எதிர் வக்கீல் மாதம் மாதமாகக் கேட்டார். "கெடு முடிகிற அன்று உங்கள் கணக்கில் எவ்வளவு இருந்தது?" வைப்பு நிதி ரசீது, வீட்டுக் கடன் ஒப்புதல் கடிதம், அன்றைய தேதி வரையிலான வங்கி அறிக்கை மூன்றும் சான்றாவணங்களாகக் குறியீடு செய்யப்பட்டிருந்தன. "சார், அன்றைக்குக் காலையில் நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்தேன். வரச் சொல்லித் தந்தி மாதிரி இரண்டு வரி மெசேஜும் அனுப்பினேன்" என்றார் அக்கா. அந்தச் செய்தியும், கெடு முடியும் முன்பே போன நோட்டீஸும் ஏற்கெனவே தாக்கலாகியிருந்தன. குரல் நடுங்கினாலும் அவர் ஒரு தேதியைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் பெருமை.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. குற்றம் செய்தாரா என்று பார்க்கும் இடத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சிவில் நீதிமன்றத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று எடை போடுவார்கள். இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதில்லை. அதனால்தான் ஓரிடத்தில் முடித்து வைக்கப்பட்ட அதே விவகாரம் இன்னொரு இடத்தில் ஜெயித்தது.

தீர்ப்பாணையில் மீதித் தொகையை நீதிமன்றத்தில் கட்டக் காலக்கெடு இருந்தது. அதைத் தவறவிட்டால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்டு எதிர்த்தரப்பு மனுப் போடலாம். தீர்ப்பு வந்த மகிழ்ச்சியில் பலர் கோட்டைவிடும் இடம் இது என்று வக்கீல் குமாஸ்தா எச்சரித்தார். கெடுவுக்கு வெகு முன்னதாகவே கட்டிவிட்டு செலான் நகலைப் பத்திரப்படுத்தினோம்.

விற்பவர் அப்போதும் கையெழுத்துப் போட வரவில்லை. நிறைவேற்று மனு போட்டோம். வரைவுப் பத்திரத்தை அவருக்கு அனுப்பி, ஆட்சேபம் கேட்டு, பிறகு நீதிமன்றமே அவர் சார்பில் கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிந்து கொடுத்தது. அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். மேல்முறையீடு தாக்கலானதாலேயே கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நின்றுவிடாது, தனியாகத் தடை உத்தரவு வாங்க வேண்டும். இதுவரை அவருக்குத் தடை கிடைக்கவில்லை. அக்கா பேருக்குப் பட்டா மாறுதல் மனு கொடுத்திருக்கிறோம்.