பாடகரே நாயகராகும்போது

வேலூரில், பாகவதரின் ‘ஹரிதாஸ்’ பாடல்கள் ஒலித்துக்கொண்டே இருந்த வீட்டில் வளர்ந்தவன் என்பதால், பாடகரே நாயகராக நடிக்கும் படங்களின் மீது எனக்குத் தீராத ஈடுபாடு உண்டு. ‘ஹரிதாஸ்’ வெளியான அதே 1944-இல் ஹாலிவுட்டில் ‘கோயிங் மை வே’ படத்தில் பாதிரியாராக நடித்த பாடகர் பிங் கிராஸ்பி, சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார்.

இன்னொரு பாடகரான பிராங்க் சினாட்ராவோ நடிப்பில் உழைத்து முன்னேறியவர். 1945-இல் வந்த ‘ஆங்கர்ஸ் அவே’ படத்துக்காக, நடனப் பயிற்சி இல்லாத அவருக்கு உடன் நடித்த நடனக் கலைஞர் ஜீன் கெல்லியே வாரக்கணக்கில் ஆடக் கற்றுக்கொடுத்தார்.

கிராஸ்பியும் சினாட்ராவும் சேர்ந்து நடித்த ‘ஹை சொசைட்டி’ (1956) படத்தில், விருந்துக் கூட்டத்தை விட்டு விலகி ஓர் அறையில் மதுக்கோப்பையும் கையுமாக நின்று, ஒருவர் பாடும் முறையை மற்றவர் சீண்டியபடி இணைந்து பாடும் காட்சி என்னை மிகவும் கவர்ந்தது. அங்கும் நம் ஊரைப் போலவே பாட்டை முன்னதாகப் பதிவுசெய்துகொண்டு வாயசைப்பதே வழக்கம். ஆயினும் குரலும் முகமும் ஒருவருடையதாகவே இருக்கும்போது, மூச்செடுக்கும் இடத்தில் தோள் தானாக உயர்கிறது. ‘பட்டினத்தார்’ படத்தில் டி.எம்.எஸ். பாடி நடித்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஒரே ஒரு மனக்குறை உண்டு. ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ (1955) படத்தில் சினாட்ரா இருந்தும், ‘லக் பி எ லேடி’ என்ற அருமையான பாடல் பாடகரல்லாத நடிகர் மார்லன் பிராண்டோவுக்குப் போயிற்று; பின்னாளில் சினாட்ரா அதைத் தனியே பதிவுசெய்து, மேடைதோறும் பாடித் தம்முடையதாக்கிக்கொண்டார்.