வெளி வீதிக்கு அடியில் ஓர் அகழி

சென்ற மாதம் மதுரையில் எங்கள் வடக்கு வெளி வீதியில் சாக்கடைக் குழாய் பதிக்கக் குழி தோண்டினார்கள். ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே செங்கல் துண்டுகள் கலந்த கருங்களிமண் வந்தது. கையில் எடுத்துப் பிசைந்தபோது கண்மாய்ச் சேற்றின் வாடை அடித்தது. அது அகழியின் மண்தான் என்று என் மனம் உடனே நம்பிவிட்டது.

இத்தனை ஆண்டுகளாக முகவரியில் 'வெளி வீதி' என்று எழுதி வந்திருக்கிறேன். எதற்கு வெளியே என்று அன்றுதான் யோசித்தேன். 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர், பாண்டியர் காலத்துக் கோட்டையை இடித்து ஊரை விரிவாக்கி, இரட்டை மதிலும் 72 கொத்தளங்களும் சுற்றிலும் அகழியுமாக எழுப்பிய கோட்டையின் எல்லை இதுதான். மருதநாயகம் என்று நாம் அழைக்கும் யூசுப் கான், ஆர்க்காட்டு நவாபின் படையையும் ஆங்கிலேயர் படையையும் 1763, 1764 ஆண்டுகளில் மாதக்கணக்கில் எதிர்த்து நின்றது இந்த மதில்களுக்குள்தான். அவரை வீழ்த்தியது பீரங்கி அன்று. உடனிருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள்.

பீரங்கிக்கு அசையாத கோட்டை, ஓர் ஆட்சியரின் உத்தரவில் போனது. 1834 முதல் 1847 வரை மதுரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், மதிலுக்குள் மக்கள் நெருக்கியடித்து வாழ்வதையும் அகழியில் தேங்கிய நீர் நாறுவதையும் கண்டு, மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடத்தையே வீடு கட்டக் கொடுத்தார். கூலிக்கு ஆள் தேடாமல், இடம் வேண்டியவர்கள் கையாலேயே வேலை முடிந்தது. அதை மேற்பார்த்த நில அளவையர் மாரட்டின் பெயரும், பெருமாள் மேஸ்திரியின் பெயரும் வீதிகளாக நிலைத்தன. கொத்து வேலையை நடத்திய ஒருவருக்கும் ஊர் வீதி தந்ததே என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. பிளாக்பர்னுக்கோ மக்கள் நன்றியோடு விளக்கு நாட்டினார்கள். விளக்குத்தூண் என்று துணிக்கடைக்கு வழி சொல்கிறோமே, அதுதான்.

கோட்டை போனது இழப்பென்று வருந்த என்னால் முடியவில்லை, ஊருக்கு மூச்சுவிட இடம் வேண்டியிருந்தது. ஆனால் பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சி நிற்கும் மேற்குக் கோட்டைச் சுவரைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. கல்லிடுக்கில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறது. அந்தக் கன்றையாவது யாரேனும் பிடுங்கவேண்டும்.

குழியை மறுநாளே மூடிவிட்டார்கள். வேலை செய்த அண்ணனிடம் கேட்டு வாங்கிய ஒரு செங்கல் துண்டு என் மேசைமேல் இருக்கிறது. இன்றைய கல்லில் பாதிக் கனம்கூட இல்லை.