சித்தப்பா சொல்லாத வரி

பெரிய வெள்ளியன்று எந்தக் கத்தோலிக்கக் கோவிலிலும் பூசை கிடையாது. பீடத்தில் விரிப்பு இருக்காது. கோவில் மணிக்குப் பதில் மரத்தட்டைதான் கடகடக்கும். நற்கருணைப் பேழையின் கதவு திறந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடக்கும். அந்த நாளில்தான் எங்கள் குடும்பம் ஊர்விட்டு ஊர் கோவிலுக்குப் போகும். காலையில் கிருஷ்ணகிரியில் சிலுவைப்பாதை, பிற்பகலில் தருமபுரிப் பேராலயத்தில் திருச்சிலுவை ஆராதனை. எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் சித்தப்பா. எழுபது தாண்டியவர். 59 வயதுக்கு மேல் ஒருசந்தி என்கிற நோன்பு கடமையில்லை என்று யாராவது எடுத்துச் சொன்னால், 'அதெல்லாம் உங்களுக்குச் சொன்னது' என்பார்.

கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை திருத்தலத்தில் வெயில் ஏறுவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. 1917-இல் போர்ச்சுகலில் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்த ஊரின் பெயர் பாத்திமா. மனந்திரும்புங்கள், பாவிகளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் அங்கே மாதா சொன்ன சேதி. ஜெபமாலையில் பத்து மணி முடிந்ததும் 'ஓ என் இயேசுவே, எங்கள் பாவங்களை மன்னியும்' என்று சொல்கிறோமே, அந்தச் செபம் அங்கிருந்து வந்தது. தவக்காலத்தை இந்த மாதாவிடம் வந்து முடிப்பது சரிதான் என்று எனக்குத் தோன்றும்.

சிலுவைப்பாதை 14 நிலைகள். எருசலேமுக்குப் போக வழியில்லாதவர்கள் தங்கள் ஊரிலேயே நடந்து பார்க்க ஏற்பட்ட பக்தி இது. நிலைகள் 14 என்று உறுதியானது 1731-இல், திருத்தந்தை 12-ஆம் கிளமெண்ட் காலத்தில். எல்லா நிலையும் நற்செய்தியில் இல்லை. இயேசு மூன்று முறை விழுவதையும், வெரோணிக்கா முகம் துடைப்பதையும் சனங்களின் பக்திதான் சேர்த்தது. வேதத்தில் இல்லாததை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கத்தோலிக்கரல்லாத சபைக்காரர்கள் சிலர் கேட்பார்கள். எழுந்த பிறகும் திரும்ப விழுகிறவர்கள் கேட்டு வாங்கிய நிலைகள் அவை என்று நினைத்துக்கொள்வேன், வாதாட மாட்டேன்.

தெருவில் இறங்கியபோது தார் சுடத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு நிலையிலும் முழங்காலில் இருக்க வேண்டும். ஆண்கள் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார்கள், பெண்கள் முந்தானையை. சின்னச் சின்ன ஜல்லி அதையும் மீறிக் குத்தும். 'எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி' என்று முன்னால் இருப்பவர்கள் சொல்லி முடித்த பிறகு பின்னால் இருப்பவர்கள் சொல்வார்கள். தெரு வளைகிற இடத்தில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும். ஒரு வீட்டு வாசலில், நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்த ஓர் அம்மா, சிலுவை வருவதற்கு முன் ஒரு குடம் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு ஒதுங்கி நின்று கும்பிட்டார். சிலுவை தூக்கி வந்தவர் வெறுங்காலோடு வந்தார். அந்த ஈரத்தில் அவர் கால் ஒரு நொடி கூடுதலாக நின்றுதான் நகர்ந்தது. எருசலேம் பெண்களுக்கு ஆறுதல் சொல்லும் எட்டாம் நிலைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. எனக்கென்னவோ அது அங்கேயே முடிந்துவிட்டது.

அப்புறம் கஞ்சி. நொய்யும் பச்சைப்பயறும் போட்டு, தொட்டுக்கொள்ளத் துவையல். குடித்துவிட்டுப் பஸ் ஏறினோம்.

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணையைத் தாண்டி, காரிமங்கலம் வழியாகப் பஸ் போகும். சாலையோரத் தோப்புகளில் பிஞ்சு பிடித்திருந்தது. காவேரிப்பட்டணத்தில் ஒரு பையன் நிப்பட்டு பாக்கெட்டுகளோடு ஏறினான். என் மகள் என் முகத்தைப் பார்த்தாள், நான் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன், பையன் இறங்கிப் போய்விட்டான். அப்போதுதான் அவள் சித்தப்பாவிடம் கேட்டாள்: "தாத்தா, போன வருஷம் பாடுகள் வாசிச்சப்போ நீங்க மட்டும் அந்த வரியைச் சொல்லலையே, ஏன்?"

எந்த வரி என்று எனக்குத் தெரியும். பெரிய வெள்ளியில் யோவான் எழுதிய பாடுகளை, அதாவது இயேசு பிடிபட்டுச் சிலுவையில் இறந்த வரலாற்றை, மூன்று பேர் பிரித்து வாசிப்பார்கள். வரலாறு சொல்ல ஒருவர், இயேசுவின் வார்த்தைக்குக் குருவானவர், மற்றவர்களுக்கு இன்னொருவர். கூட்டம் கத்துகிற இடம் வந்தால் கோவிலில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும். இயேசுவுக்குப் பதில் பரபா என்கிற கைதியை விடும் என்கிற இடம், பிறகு 'சிலுவையில் அறையும்! சிலுவையில் அறையும்!' சித்தப்பா அந்த இடத்தில் வாயை இறுக மூடிக்கொள்வார். சின்ன வயதில் அதை அவருடைய பக்தி என்று நினைத்திருக்கிறேன்.

சித்தப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். ஊரில் அவர் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்த காலம். கிணற்று மோட்டாருக்குப் போகும் கேபிள் ஒயரை ராத்திரியில் யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். செம்புக்கு விலை ஏறியிருந்த நேரம். ஒரு பையனைப் பிடித்து வந்து புளியமரத்தில் கட்டினார்கள். அவன் எந்தத் தெரு என்று பார்த்துத்தான் சந்தேகமே வந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. "நான் அடிக்கலை. ஆனா கட்டுங்கடான்னு சொன்னதுல என் குரலும் இருந்துச்சு. எல்லாரும் கத்தும்போது கத்துறது எவ்வளவு சுலபம் தெரியுமா கண்ணு? உன் குரல் உனக்கே கேக்காது." மூன்று மாதம் கழித்து வேறு ஊரில் நிஜத் திருடன் அகப்பட்டான். அதற்குள் அந்தப் பையன் ஓசூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டிருந்தான். சித்தப்பா மற்றப் பெரியவர்களிடம் போய், தப்புப் பண்ணிவிட்டோமே என்றிருக்கிறார். 'விடுப்பா, எல்லாரும் சேர்ந்துதானே செஞ்சோம்' என்று அனுப்பிவிட்டார்கள்.

"நிஜமாவே ஒருதரம் சொன்னவன் நான். நடிச்சு வேற காட்டணுமா?" என்றார்.

எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. அந்த வரியைத் திருச்சபை நம் வாயில் கொடுப்பது நடிப்புக்காக அல்ல. யோவானில் கத்துகிறவர்கள் தலைமைக் குருக்களும் காவலர்களும். அதை ஒரு சாக்காக வைத்து யூத இனத்தின் மேலேயே பழியைப் போட்டு, ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக நடந்த கொடுமை கொஞ்சநஞ்சமல்ல. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களை இழிவாகச் சொன்ன சொல்லை 1959-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் எடுத்துவிட்டார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார் மேலும், இன்றைய யூதர்கள் மேலும் போட முடியாது என்று எழுதிவைத்தது. அப்படியானால் பழி யார் மேல்? அதற்கு நானூறு வருடம் முன்பு, 1566-இல் வந்த உரோமை மறைக்கல்வி நூலிலேயே பதில் இருக்கிறது. தெரிந்திருந்தால் மாட்சிக்குரிய ஆண்டவரைச் சிலுவையில் அறைந்திருக்க மாட்டார்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் அல்லவா? தெரியும் என்று அறிக்கையிட்டுவிட்டுப் பாவம் செய்கிற நம் குற்றம்தான் பெரியது என்கிறது அந்த நூல். நம்மைப் பார்வையாளர் வரிசையில் உட்கார விடாமல், 'அறையும்' என்று நம்மையே சொல்ல வைப்பது இதற்காகத்தான். இவ்வளவையும் பஸ்ஸில் சொன்னேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். "சரி, நீ சொல்லு. உனக்கு அது தேவைதான்" என்றார்.

தருமபுரி மறைமாவட்டம் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் அதில் அடக்கம். தூய இருதய ஆண்டவர் கோவில்தான் பேராலயம். நாங்கள் போனபோது உள்ளே இடமில்லை, பந்தலில்தான் நாற்காலி கிடைத்தது. பாட்டு இல்லாமல், மணி இல்லாமல் குருக்கள் சிவப்பு உடையில் வந்து பீடத்துக்கு முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். அத்தனை கூட்டமும் அப்படியே முழங்காலில். கைக்குழந்தை ஒன்று மட்டும் எங்கேயோ சிணுங்கியது. எசாயாவின் துன்புறும் ஊழியர் வாசகம், எபிரேயர் வாசகம், பிறகு பாடுகள். 'சிலுவையில் அறையும்' என்று நானும் என் மகளும் சொன்னோம். நடுவில் சித்தப்பா உதட்டை மூடி நின்றார். இம்முறை என் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது, அதைச் சொல்லியாக வேண்டும்.

திருச்சிலுவையை முத்தமிடக் குருவானவர் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் போனார். பின்னாலேயே நாங்கள் வரிசையில். அந்த நேரத்தில் பாடுகிற முறைப்பாட்டில், மீக்கா ஆகமத்தில் கடவுள் கேட்கிற கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: என் மக்களே, நான் உங்களுக்கு என்ன செய்தேன்? கிட்டே போனால் பாடுபட்ட சுரூபத்தின் பாதம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆணி இருக்கிற இடத்தைச் சுற்றி வர்ணம் தேய்ந்து வெளுத்திருந்தது. பக்கத்தில் நின்ற பீடச்சிறுவன் ஒவ்வொருவருக்கும் பிறகு வெள்ளைத் துணியால் துடைத்தான். எனக்கு முன்னால் ஓர் ஆயா குனிந்தவர் எழவே இல்லை. பையன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எழும்வரை காத்திருந்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

எல்லாம் முடிந்து சனங்கள் கலைகிறபோது, கோவிலின் ஓரத்தில் ஒரு குருவானவர் நாற்காலி போட்டுப் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் போய் அந்த வரிசையில் நின்றார். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நான் பந்தலில் உட்கார்ந்து மத்தேயு 27-ஐப் புரட்டினேன். பேதுருவைப் பற்றி எல்லாரும் பேசுவோம். மறுதலித்தார், ஆண்டவர் திரும்பிப் பார்த்தார், வெளியே போய்க் கதறி அழுதார். யூதாசை முப்பது வெள்ளிக்காசோடு விட்டுவிடுவோம். ஆனால் மத்தேயுவைப் படித்துப் பாருங்கள். யூதாசும் மனம் வருந்தினான். காசைத் திருப்பிக் கொண்டுபோனான். பழிபாவமில்லாதவரைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். யாரிடம்? தலைமைக் குருக்களிடமும் மூப்பர்களிடமும், அதாவது கூடச் சேர்ந்து செய்தவர்களிடமே. அவர்கள் சொன்னது: அதைப்பற்றி எங்களுக்கு என்ன, நீயே பார்த்துக்கொள்.

புளியமரத்து ஊர்ப் பெரியவர்கள் அதையே எவ்வளவு பிரியமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சித்தப்பா வரிசையில் மூன்றாவது ஆளாக நகர்ந்திருந்தார். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைப் பழைய பாடத்திலேயே முணுமுணுப்பது உதட்டசைவில் தெரிந்தது.

திரும்பி வந்ததும் அவராகவே பேசினார். "பரிகாரமா மூணு அருள் நிறைந்த மரியேதான் குடுத்தாரு. ஆனா சாமி ஒண்ணு கேட்டாரு. அந்தப் பையனோட பேரு ஊர்ல இன்னும் கெட்டுத்தான் கெடக்குதான்னு." ஒருவனுடைய பெயரைக் கெடுத்தவன், மன்னிப்புப் பெற்ற பிறகும் முடிந்தவரை அந்தப் பெயரைச் சரிசெய்யக் கடமைப்பட்டவன் என்று மறைக்கல்வியில் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுப்போம். நற்செய்தியில் வரிதண்டுகிற சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றதும் அந்த வகையில்தான். இந்த வயதில் சித்தப்பாவிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை, நான் உட்பட.

"அவங்கம்மா ஊர்லதான் இருக்கு. நாளைக்குக் காலையில போலாம். நீ வா, ஆனா வாசல்லயே நில்லு" என்றார்.

சனிக்கிழமை போனோம். அந்த அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. சித்தப்பாவை உட்காரச் சொல்லவில்லை. அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், கட்டுங்கடா என்றதில் தன் குரல் இருந்ததையும். கேட்டு முடிக்கும்வரை அந்த அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நாளைக்கு எம்மவன் வர்றான். அவங்கிட்ட வந்து சொல்லுங்க" என்றது.

எத்தனை மணி பஸ்ஸுக்கு வருவான் என்று சித்தப்பா கேட்டார்.