முழங்கால் நோக்காரி மைதானத்தைச் சுத்தி ஓடின கதை

ஞாயிற்றுக்கிழமை நாய் ஷோவில நடந்ததை எங்கட வீட்டில ஒருத்தரும் இன்னும் வாய்விட்டுக் கதைக்கேல்லை. ஆராவது தொடங்கினா அம்மா "நான் சும்மா நிண்டனான்" எண்டுவா, உடனே அப்பா ஃபோனில வீடியோவைத் தேடுவார், அதோட அண்டைக்கு இரவு பாணும் பருப்பும்தான். எனக்குப் புட்டு வேணும், அதால வீட்டில வாயை மூடிக்கொண்டு இங்க எழுதுறன்.

தம்பி கனடாவுக்குப் படிக்கப் போகேக்க எங்கட தலையில கட்டிவிட்டுப் போன சாமான்களில சீசரும் ஒண்டு. அப்ப அது அப்பாவின்ட சப்பாத்துக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நித்திரை கொள்ளுற குட்டி. இப்ப 14 மாசம், 33 கிலோ, காலி வீதியால அம்புலன்ஸ் போனா வெள்ளவத்தை முழுக்கக் கேக்கக் கூடச் சேந்து பாடுற முழு அல்சேஷன், ஜேர்மன் ஷெப்பர்ட் எண்டுறதும் இதைத்தான். அம்மாவுக்கு நாய் எண்டாலே ஆகாது. நாய் வாடை எண்டு சாமி அறைக் கதவு எப்பவும் சாத்து, குசினி வாசல் தாண்டக் கூடாது எண்டு சட்டம். சட்டம் போட்ட மனுசியே பின்னேரத்தில குசினி வாசல்படியில குந்திக்கொண்டு, அவிச்ச சாளை மீனில ஒவ்வொரு முள்ளா எடுத்து, சோத்தோட பிசைஞ்சு, "சனியன், வந்து தின்னு" எண்டு வச்சுக் குடுப்பா. மேல் மாடியில உடுப்புக் காயப்போட ஏலாத முழங்கால் எப்பிடிக் குந்துது எண்டு கேக்கக் கூடாது. எனக்கு மீன் தாறதெண்டா முள்ளோடதான்.

அப்பா பென்ஷன் எடுத்த பிறகு ஒண்டில் அரசியல் கதைப்பார், இல்லாட்டி நாய் கதைப்பார் எண்ட நிலைமை. அரசியல் கதைச்சா பிரஷர் ஏறும் எண்டு டொக்டர் சொன்னதால அல்சேஷன் சங்கத்தில சேந்திட்டார். அந்தச் சங்கத்தில ஒருத்தருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ரொக்கியின்ட அங்கிள், பிரின்ஸின்ட அன்ரி, லூனாவின்ட மிஸ் எண்டுதான். சிங்கள ஆக்கள், முஸ்லிம் ஆக்கள், ஒரு பறங்கி அன்ரி, நாங்கள், எல்லாரும் ஒரே வசனத்துக்குள்ள மூண்டு பாஷையையும் கலந்து கதைப்பினம். பாராளுமன்றத்தில வராத ஒற்றுமை அங்க நாயின்ட வயித்தோட்டத்தில வந்திருக்கு. குறூப்பில விடிய எழும்பினோண்ண ஆராவது ஒரு படம் போடுவினம், "இந்தக் கலர் பரவாயில்லையா?" எண்டு. அப்பா அதை மேசையில வச்சுப் பெரிசாக்கிப் பாப்பார். நான் பக்கத்தில இருந்து இடியப்பமும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருப்பன். 2022 இல பெற்றோல் கியூ காலத்திலயும் கூட்டத்துக்கு ஆக்கள் நாயோட நடந்தே வந்தவையாம், அதை ஒரு போராட்ட வரலாறாச் சொல்லுவினம்.

எக்ஸ்ரே கதையைச் சொன்னனானோ? இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு வருத்தம் பரம்பரையா வரக்கூடியது, அதால ஒரு வயசு தாண்டினாப் பிறகு இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பாத்துத்தான் ஜோடி சேக்கிறதைப் பற்றி யோசிக்கலாம் எண்டது சங்கத்தில வேதவாக்கு. அப்பாவும் சீசரைக் கொண்டு போய் எடுத்து, அலுமாரிக்கு மேல பத்திரமா வச்சு, கூட்டத்துக்கு உறையோட தூக்கிக்கொண்டு போனார். ரொக்கியின்ட அங்கிள் அதை யன்னல் வெளிச்சத்தில பிடிச்சு, கண்ணாடியை ஏத்தி இறக்கி, கனநேரம் பாத்திட்டுச் சொன்னாராம், "பவ் அனே, இது இடுப்பு இல்லை, முழங்கால், அதுவும் நல்லாத் தேஞ்ச முழங்கால், இவரை இனி ஓட விட வேணாம்." அம்மாவின்ட எக்ஸ்ரே. அண்டைக்கும் பாணும் பருப்பும்தான்.

சரி, ஷோவுக்கு வாறன். ஒரு பள்ளிக்கூட மைதானம், காலமை எட்டு மணிக்கே மண்டையைப் பிளக்கிற வெயில், அந்த வெயிலுக்கு நடுவில ரெண்டு அடுக்கு மயிர்க் கோட்டுப் போட்ட நாயள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு. வெளிநாட்டில இருந்து வந்த ஜட்ஜ் சிவந்து போய்த் தொப்பியால விசுக்கிக்கொண்டு நிண்டார். அம்மா வந்தது நாய்க்காக இல்லையாம், திரும்பி வரேக்க பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போறதுக்காகவாம். அதால பட்டுக்கரைச் சீலை, பூ, எல்லாம். யாழ்ப்பாணத்தில இருந்து வந்து நிண்ட பெரியம்மாவும் கூட.

தலைவர் பேச்சு எப்பவும் 1899 இல தொடங்கும். ஜேர்மனியில ஸ்டெபானிட்ஸ் எண்ட குதிரைப்படைக் கப்டன் கார்ல்ஸ்ரூவ நாய்க் கண்காட்சியில ஹெக்டர் எண்ட நாயைக் கண்டு, அந்த இடத்திலயே வாங்கி, ஹோரண்ட் எண்டு பேர் மாத்தி, அதை முதலாம் நம்பராப் பதிஞ்சு சங்கம் தொடங்கின வரலாறு. "நல்ல பேர் இருக்க ஏன் மாத்தினவன், நம்பர் பாத்தவனோ?" எண்டு பெரியம்மா கேட்டா. பக்கத்தில இருந்த ஆக்கள் திரும்பிப் பாத்தினம்.

பிறகு அளவெடுக்கிறது. ஆண் நாய் 60 இல இருந்து 65 சென்ரிமீற்றருக்குள்ள நிக்கோணும். சீசர் 64. ரொக்கி 66. ரொக்கியின்ட அங்கிள் உடனே நிலம் மேடு எண்டார், இன்னொருத்தர் ரொக்கி நிமிந்து நிக்குது எண்டார், மூண்டாம் ஆள் அளவுகோலே பிழை எண்டார், கடைசியில ரொக்கியைத் தூக்கி வேற இடத்தில வச்சு அளந்தா 66 உம் கொஞ்சமும். காணி எல்லைச் சண்டையில கூட இவ்வளவு நுணுக்கமா நான் கேட்டதில்லை. அதுக்குப் பிறகு பல்லு. 42 இருக்கோணும், மேல் வரிசை கீழ் வரிசையைக் கத்தரிக்கோல் கணக்காக் கவ்வோணும். ஜட்ஜ் சீசரின்ட உதட்டைத் தூக்கி எண்ணேக்க அப்பாவும் வாயைத் திறந்துகொண்டே கூட எண்ணினார், அப்பாட்ட 42 விடுங்கோ, அதில பாதியும் இல்லை. பல்லு முடிய இன்னொரு எண்ணிக்கை இருக்கு, ஆண் நாய்க்கு ரெண்டும் சரியா இறங்கியிருக்கோ எண்டு ஜட்ஜ் கையால பிடிச்சுப் பாப்பார். அந்த நேரம் அம்மாவும் பெரியம்மாவும் கதிரேசன் கோயில் இருக்கிற திசையை உத்துப் பாத்துக்கொண்டு நிண்டவை.

சத்தத்துக்குப் பயப்பிடுதோ எண்டும் சோதிக்கிறது உண்டு. ஜேர்மனியில துவக்கால சுட்டுப் பாப்பினமாம், எங்கட ஆக்கள் சீனவெடி. முதலே மைக்கில சொன்னவையாம், எங்களுக்குக் கேக்கேல்லை. படார் எண்டது. சீசர் ஒரு காதை மட்டும் திருப்பிப் போட்டுத் திரும்பவும் பறங்கி அன்ரியின்ட மாலு பாணைப் பாத்தது. அப்பா, அம்மா, பெரியம்மா மூண்டு பேரும் நிலத்தில குப்புற. ரொக்கியின்ட அங்கிள் முந்தி ஆமியில இருந்தவர், அவரும் நிலத்தில. பிளேன்ரீ மேசைக்குக் கீழால அப்பாவும் அவரும் ஆளை ஆள் பாத்தவை. ஒண்டும் கதைக்கேல்லை. எழும்பிப் புல்லைத் தட்டிப்போட்டு அங்கிள் போய் ரெண்டு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வந்து ஒண்டை அப்பாட்டக் குடுத்தார், சீனி போடாமல், அப்பாவுக்குச் சீனி வருத்தம் எண்டது அவருக்குத் தெரியும். நாய் பாஸ்.

இனித்தான் ஓட்டம். மற்ற நாய் ஷோவில நாயும் பிடிக்கிற ஆளும் அழகா ரெண்டு சுத்து நடந்திட்டு நிப்பினம். அல்சேஷன் ஷோ அப்பிடி இல்லை, ஜட்ஜ் நடுவில நிக்க நாயள் வரிசையாச் சுத்திக்கொண்டே இருக்கோணும், ஆள் களைச்சா ஆளை மாத்தலாம், நாயை மாத்தேலாது. ஓட ஓட ஜட்ஜ் ஒண்டை முன்னுக்கு எடுப்பார், ஒண்டைப் பின்னுக்குத் தள்ளுவார். நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு முன்னுக்குப் பாயோணும், அப்பதான் நடை வடிவாத் தெரியும். அது சும்மா பாயுமோ? அதால கயித்துக்கு வெளியில நாயின்ட வீட்டு ஆக்கள் முன்னுக்கு ஓடி ஓடிக் கூப்பிடுவினம். மற்ற இன நாய்க்காரர் இதைக் கண்டா முகத்தைச் சுளிப்பினம், கனக்க இடத்தில விடவும் மாட்டினம். எங்கட ஆக்களுக்கு இதுதான் திருவிழா. பிரின்ஸின்ட அன்ரி விசிலோட ஓடுறா. ஒரு ரிட்டயர்ட் மனேஜர் கீச்சு கீச்செண்டு கத்துற றப்பர் கோழியை அமத்திக்கொண்டு ஓடுறார். இன்னொருத்தர் ஒண்டுமில்லாமல் தன்ர நாயின்ட சாப்பாட்டுக் கோப்பையைக் கரண்டியால தட்டிக்கொண்டு ஓட, மற்ற எல்லா நாயும் அவருக்குப் பின்னால.

அப்பாவின்ட திட்டம் நவீனம். தம்பியை வீடியோ கோலில எடுத்து, புளூடூத் ஸ்பீக்கரை நான் தூக்கிக்கொண்டு ஓடோணும், தம்பியின்ட குரலுக்கு நாய் பாயும். அங்க ரொறொன்ரோவில சாமம் பன்னிரண்டரை. பக்கத்து அறைக்காரன் எழும்பிடுவான் எண்டு தம்பி போர்வைக்குள்ள இருந்து "சீசர்... சீசர்..." எண்டு குசுகுசுக்கிறான். நான் ஓடுறன். குரல் கேட்டோண்ண சீசர் நிண்டுது. வானத்தைப் பாத்தது. கேற்றைப் பாத்தது. பிறகு அப்பிடியே குந்திட்டுது. எவ்வளவு இழுத்தும் எழும்பேல்லை. கேற்றையே பாத்துக்கொண்டு இருந்தது. பிடிச்சுக்கொண்டு ஓடின பெடியன் கையை விரிச்சான். ஜட்ஜ் விரலைக் காட்டினார், கடைசிக்குப் போ எண்டு.

அப்பதான் அம்மா எழும்பினவா.

முதல்ல ஸ்பீக்கரைப் பறிச்சு, "நீ ஃபோனை வச்சிட்டுப் படு, விடிய வேலைக்குப் போகோணும்" எண்டு கனடாவை ஓஃப் பண்ணினா. செருப்பைக் கழட்டிப் பெரியம்மாவின்ட மடியில வச்சா. சீலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில செருகினா. அதுக்குப் பிறகு வந்த குரலை நான் கனகாலம் கேக்கேல்லை, முந்தி தம்பி ஒழுங்கையில கிரிக்கெட் விளையாடேக்க இருட்டினாப் பிறகு கூப்பிடுற குரல். "என்ர ராசா! ஓடி வா ராசா! அம்மாட்ட வா பாப்பம்!"

33 கிலோ பறந்தது. பிடிச்சுக்கொண்டிருந்த பெடியன் சங்கிலியில தொங்கிக்கொண்டு பின்னால. அம்மா வளைவில திரும்பினா, பிளேன்ரீ மேசையைத் தாண்டினா, விசில் அன்ரியை முந்தினா, றப்பர் கோழியைத் தள்ளிவிட்டிட்டுப் போனா. தேஞ்ச முழங்கால். அப்பா ஒரு கையால வீடியோ, மற்றக் கையால "மெல்ல, மெல்ல" எண்டு சைகை. அந்த வீடியோவில பாதி அவற்ற பெருவிரல்தான். ஜட்ஜ் திரும்பவும் விரலைக் காட்டுறார், ஒரு இடம் முன்னுக்கு, இன்னொரு இடம் முன்னுக்கு. ரொக்கியின்ட அங்கிள் தன்ர நாயை மறந்திட்டு "துவன்ன அம்மே, துவன்ன!", ஓடுங்கோ அம்மா எண்டு, சிங்களத்தில கத்துறார். எக்ஸ்ரேயைப் பாத்த மனுசன்.

எனக்கு இதில ஒரு மனவருத்தம் இருக்கு, இங்க சொல்லாமல் எங்க சொல்லுறது. இத்தனை வருசத்தில என்னை ஒரு நாள் ராசாத்தி எண்டு கூப்பிட்டிருப்பாவோ? சம்பளத்தை எடுத்துக் கையில வைக்கிற அண்டைக்கும் "மேசையில வை" தான்.

ஐஞ்சு நாயில மூண்டாமிடம். தரம் 'மிக நன்று'. மைக்கில "சீசர்கே அம்மா" எண்டு கூப்பிட, நாய் வாடை ஆகாத மனுசி கொசுவத்தை இறக்கி விட்டிட்டுப் போய் றிபனை வாங்கினா. வாங்கிக்கொண்டு வந்து முதல் கேள்வி, "என்ன 'மிக நன்று', அதுக்கு மேல குடுக்க அந்தாளுக்கு என்ன கை நோவோ?" இந்த வயசுப் பிரிவில அதுதான் ஆகக் கூடினது, முதல் வந்த நாய்க்கும் அதுதான், அதுக்கு மேல உள்ளது ரெண்டு வயசு தாண்டின நாயளுக்குத்தான் எண்டு அப்பா விளங்கப்படுத்தினார். அம்மா விரலை மடக்கி மாசம் எண்ணினவா. நான் கண்டனான்.

கோயிலுக்குப் போகேல்லை, சீலை முழுக்க நாய் மயிர். பெரியம்மா ஓட்டோவில தனியப் போட்டு வந்து எல்லாருக்கும் திருநீறு பூசினவா, சீசருக்கும்.

இப்ப அம்மா குறூப்பில இருக்கிறா. வொய்ஸ் நோட் மட்டும்தான், ஒவ்வொண்டும் ரெண்டு மூண்டு நிமிசம், சாளை மீனை எப்பிடி அவிக்கோணும் எண்டு லூனாவின்ட மிஸ்ஸுக்குப் பாதிச் சிங்களத்தில வகுப்பு நடக்குது. ஓடுற சப்பாத்து என்ன விலை போகுது எண்டு "சும்மா அறியத்தான்" என்னட்டக் கேட்டவா.

நேற்றுப் பின்னேரம் பால்மா முடிஞ்சு போச்சு. கடை எங்க இருக்கு, ஒழுங்கை முடக்கில. "பிள்ளை, எனக்குக் கால் ஏலாது, நீ ஒருக்காப் போட்டு வாவன்." போனன். கடைக்கார அண்ணை என்னைக் கண்டோண்ண "சீசரின்ட அக்கா, அம்மா எப்பிடி?" எண்டு ஃபோனைக் காட்டிச் சிரிக்கிறார், அப்பா அவருக்கும் அனுப்பியிருக்கிறார். சிரிச்ச சிரிப்பில மிச்சக் காசுக்குப் பதிலா ரெண்டு ரொபியைத் தள்ளி விட்டிட்டார், அதை நான் வீட்டை வந்துதான் கண்டனான்.