இடைவேளையில் அணைப்பதா, விடுவதா?

காலை பத்து மணிக்கு வானொலி விளம்பரத்துக்கு மூன்று மொழியிலும் குரல் பதிவு. பின்னேரம் நான்கு மணிக்குக் கோயில் திருவிழாவுக்கான பக்திப் பாடல். பாடகர் காலி வீதி நெரிசலைத் தாண்டி ஐந்துக்குத்தான் வந்து சேர்வார். நடுவே நான்கு மணித்தியாலம் ஸ்டூடியோ சும்மா கிடக்கும். கொழும்பில் ஒலிப்பதிவுத் தொழிலுக்கு வரும் ஒவ்வொரு புதியவரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இந்த நேரத்தில்தான் பிறக்கிறது: மைக்கின் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப், பதிவைக் கேட்கும் ஸ்பீக்கரான மொனிட்டர், ஒலியை டிஜிட்டலாக மாற்றும் கொன்வேர்ட்டர் எல்லாவற்றையும் இப்போது அணைப்பதா, ஓடவிடுவதா?

ஒரே நாளுக்குள் வரும் இடைவேளை என்றால் விடுங்கள். மொனிட்டரின் ஒலியளவைக் குறைத்தால் போதும். மின்மாற்றி உள்ள கருவி எதுவாயினும், சுவிட்சைப் போட்ட முதல் கணத்தில் இயங்கும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வளைய வடிவ மின்மாற்றி என்றால் இன்னும் அதிகம். நான்கைந்து பெட்டிகளை ஒரே சுவிட்சில் போட்டால் பிரேக்கர் விழுவதற்குக் காரணம் இதுதான். வால்வ் என்பது உள்ளே இழை எரியும் கண்ணாடிக் குழாய்; குளிர்ந்த வால்வின் இழைக்கு மின்தடை குறைவு, ஆகவே அதுவும் அந்தக் கணத்தில் அடி வாங்குகிறது. சூடேறும்போது உலோகம் விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. இதனால் ஈயப்பற்றும், ஐசி எனும் சில்லைச் செருகும் சொக்கெட்டும் மெல்ல மெல்லத் தளர்கின்றன. ஒரு நாளில் நான்கு தடவை அந்த வேதனையைக் கொடுப்பதில் எந்த லாபமும் இல்லை. வால்வ் கருவியும் அனலொக் கருவியும் நிலைக்கு வர இருபது, முப்பது நிமிடம் தேவை. ஐந்து மணிக்கு வந்த பாடகரை அதற்காகக் காக்க வைக்கவும் முடியாது.

இரவு முழுக்க, வாரம் முழுக்க என்று வரும்போதுதான் உண்மையான வாதம். 'நல்ல ஸ்டூடியோ ஒருபோதும் அணைப்பதில்லை' என்று மூத்தவர்கள் பலர் சொல்வார்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். எஸ்எஸ்எல் 4000 போன்ற பெரிய கொன்சோல்கள் (பல ஒலிகளைக் கலக்கும் மேசைகள்) ஆண்டுக்கணக்கில் அணைக்கப்படாமல் ஓடின என்பது உண்மை. நாற்பது, ஐம்பது சனல் (ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு தனி வழி), ஒவ்வொன்றிலும் டசின் கணக்கில் ஐசி, ஆயிரக்கணக்கான சொக்கெட்டும் விளிம்புத் தொடுப்பும். அதைக் குளிரவிட்டுத் திரும்பப் போட்டால் எங்காவது இரண்டு சனல் எழும்பாது. அங்கே மின்வழங்கிக்குக் குளிரூட்டிய தனி அறை இருந்தது. பழுது பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் இருந்தார். வெள்ளவத்தையில் பின்னறையொன்றில் மைக்கையும் கொம்பியூட்டரையும் இணைக்கும் எட்டு சனல் இன்டர்ஃபேஸ், இரண்டு ப்ரீஆம்ப், ஒரு சோடி மொனிட்டர் வைத்து நடத்துபவருக்கு அந்த விதி பொருந்தாது. பொருத்திப் பார்த்தால் கணக்கு எதிராகத்தான் வருகிறது.

மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும், உள்ளே திரவம் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் பத்து பாகை குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும்; கூடினால் பாதியாகும். 105 பாகையில் 2,000 மணித்தியாலம் என்று அச்சிட்ட ஒன்று, பெட்டிக்குள் 65 பாகையில் இருந்தால் சுமார் 32,000 மணித்தியாலம் தாங்கும். இரவும் பகலும் ஓடினால் அது மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். நாளுக்கு எட்டு மணித்தியாலம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் பதின்மூன்று ஆண்டு. அதே பெட்டியைக் காற்றோட்டமில்லாத ராக்கில் (கருவிகளை அடுக்கும் சட்டத்தில்), மேலும் கீழும் சூடான பெட்டிகளுக்கு நடுவே இறுக்கி வைத்தால் 75 பாகை ஆகும். இடைவிடாமல் ஓடினால் இரண்டு ஆண்டுகூட முழுதாகப் போகாது. அணைப்பதா விடுவதா என்று யோசிக்கும் முன் ராக்கில் பெட்டிக்குப் பெட்டி ஒரு அலகு, அதாவது ஒரு தட்டு உயரத்துக்கு இடைவெளி விடுங்கள். இரண்டு கேள்வியில் இதுதான் பெரியது.

வால்வுக்கும் இப்படித்தான், எரிந்த ஒவ்வொரு மணித்தியாலமும் செலவுதான். சிலர் 'ஸ்டாண்ட்பை'யில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இழை எரிந்துகொண்டிருக்க, உயர் வோல்ட் வராமல் நாள்கணக்கில் நின்றால் கதோட்டின் மேல் மின்தடையுள்ள ஒரு படலம் வளரும். பிறகு அந்த வால்வ் முன்போல் இலத்திரன்களை உமிழாது. ஸ்டாண்ட்பை அரை மணித்தியாலத்துக்குச் சரி. இரவுக்கு முழுதாக அணையுங்கள்.

மின்கட்டணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: 600 வாட் இழுக்கும் ஸ்டூடியோவை இரவில் 14 மணித்தியாலம் சும்மா விட்டால் மாதத்துக்கு 252 யூனிட். பல வீடுகளின் மொத்த மாதப் பாவனையே அவ்வளவு வராது.

அப்படியானால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகலாமே என்றால், கொழும்பின் காற்று குறுக்கே நிற்கிறது. சாதாரண இரவொன்றில் வெளியே 28 பாகை, ஈரப்பதம் 80 வீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 24 பாகையிலுள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர் துளிர்க்கும். ஏசி போட்ட ஸ்டூடியோவிலோ இரும்பும் அலுமினியமும் 22 பாகையில் குளிர்ந்து கிடக்கின்றன. வேலை முடிந்தவுடன் கருவியையும் ஏசியையும் ஒன்றாக நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்துப் பெருக்கிக் கூட்டினால், ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் பெட்டியின் உட்புறமும் வியர்க்கும். யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு சனலில் கரகரப்பு, பச்சை பூத்த சொக்கெட், திருகினால் பொரிகிற வொல்யூம் என்று வெளியே தெரியவரும்.

மருந்து வரிசையில் இருக்கிறது. கடைசிப் பதிவு முடிந்ததும் முதலில் ஏசியை நிறுத்துங்கள். கதவு மூடியே இருக்கட்டும். கோப்புகளைச் சேமித்து, பிரதி எடுத்து, கேபிள் சுற்றி முடிக்கும் அரை மணித்தியாலத்தில் கருவிகளின் சொந்தச் சூடே அறையை 26, 27 பாகைக்குக் கொண்டுவந்துவிடும். அதன்பின் கருவிகளை அணையுங்கள், கடைசியாகக் கதவைத் திறவுங்கள். காலையில் மாறாக, ஏசியை முதலில் போட்டு இருபது நிமிடம் அறையை உலரவிட்டுப் பிறகு கருவிகள். ஏசியின் குளிர்காற்று நேராக ராக்கின் முகத்தில் அடிக்காதபடி தகட்டைத் திருப்பிவிடுங்கள். ஸ்டூடியோவில் இருந்த மிக்ஸரை வெளிநிகழ்ச்சிக்குக் கொண்டுபோனால், பெட்டியைத் திறக்காமல் ஒரு மணித்தியாலம் அப்படியே வைத்து வெளிச்சூட்டுக்கு வரவிட்ட பின்னரே திறக்கவேண்டும்.

மரைன் டிரைவ் பக்கம், வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர்களுக்கு உப்பும் சேர்கிறது. ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையும். கரைந்த உப்பு மின்கடத்தி. கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பேட்ச்பேயின் பித்தளைத் தொடுப்புகளும் மைக் கேபிளின் எக்ஸ்எல்ஆர் முள்ளும் கறுப்பது அதனால்தான். இரவில் ஈரப்பதத்தை 60 வீதத்துக்குக் கீழே வைக்க ஒரு ஈரநீக்கி போட்டால், ராக் முழுவதையும் சூட்டுக்காக ஓடவிடுவதைவிட மலிவு. அதுவும் முடியாவிட்டால் நம்மூர் அலுமாரி வைத்தியம் இருக்கிறது: ராக்கின் அடியில், எதையும் தொடாதபடி 15 வாட் குண்டு பல்ப் ஒன்று. எல்இடி பல்ப் இதற்கு உதவாது, அது போதிய சூடு தராது.

கொன்டென்சர் மைக்கை எந்த நிலையிலும் இரவில் ஸ்டாண்டிலேயே விட்டுப் போகாதீர்கள். பெரிய டயஃப்ரம் (ஒலிக்கு அதிரும் மென்தகடு) உள்ள பல மைக்குகளில், அதைத் தாங்கும் கப்சூலின் மேல் ஏறத்தாழ 60 வோல்ட் நிற்கும். கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் பாண்டம் மின்சாரம் ஓடும்வரை அது தூசியை இழுத்துக்கொண்டே இருக்கும். தூசியும் ஈரமும் சேர்ந்தால் மைக் பொரியும். பாண்டத்தை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட மூடும் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டிக்குள் 40 முதல் 50 வீதம் ஈரப்பதம் இருப்பது நல்லது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் தேடினால் கிடைக்கும் சின்ன ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் ஊகம் தேவையில்லை.

இனி மின்சாரம். கருவியைக் கொல்வது நாம் போடும் சுவிட்ச் அல்ல, நமக்குத் தெரியாமல் போய் வரும் கரண்ட். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டு நடந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. போகும்போது ஆபத்து குறைவு. திரும்பி வரும்போது, சில வேளை இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு வரும். அந்த வட்டாரத்தின் எல்லாக் குளிர்சாதனப் பெட்டியும் ஏசியும் ஒரே கணத்தில் எழும்பும். வோல்ட் விழுந்து ஏறும். சுவிட்ச் 'ஓன்' நிலையில் விடப்பட்ட உங்கள் ராக்கும் அதே கணத்தில், மொனிட்டர் முதலா மிக்ஸர் முதலா என்ற ஒழுங்கு எதுவுமில்லாமல் எழும்பும். மிக்ஸரின் 'தொம்' என்ற அடி மொனிட்டரின் உயர் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் போய் இறங்கும்.

இதற்குத் தீர்வு ஒரு கொன்டாக்டர், அதாவது கொயிலின் மின்காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச். 230 வோல்ட் கொயில் உள்ள 25 ஆம்பியர் கொன்டாக்டர், பச்சை, சிவப்பு என இரண்டு அழுத்து பொத்தான். பச்சையை அழுத்தினால் கொயில் இழுக்கும். அதன் துணைத் தொடுப்பே கொயிலுக்குக் கரண்ட் கொடுத்துப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் போனால் பிடி விட்டுவிடும். திரும்பி வந்தாலும் யாராவது ஒருவர் வந்து பச்சையை அழுத்தும்வரை ராக் இறந்தே கிடக்கும். தொழிற்சாலை மோட்டாருக்கு எந்த வயரிங் பாஸும் போடுவது இதைத்தான். ஸ்டூடியோவுக்குப் போட்டுத் தரச் சொன்னால் அரை நாள் வேலை. தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டே செய்யுங்கள். கொம்பியூட்டரையும் வெளி டிஸ்க்கையும் இதில் சேர்க்காமல் யுபிஎஸ்ஸில் வையுங்கள். மலிவான யுபிஎஸ் தருவது படிக்கட்டு வடிவ அலை. அதில் மின்மாற்றி உள்ள ப்ரீஆம்பைப் போட்டால் முனகும், அந்த முனகல் பதிவிலும் ஏறும்.

இடி வேறு விஷயம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் மப்புக் கட்டினால் அணைத்தால் மட்டும் போதாது. சுவரிலுள்ள சுவிட்ச் பொதுவாக ஒரு கம்பியைத்தான் துண்டிக்கிறது, அதுவும் சில மில்லிமீற்றர் இடைவெளியில். செருகியைப் பிடுங்குங்கள். இணையத்துக்குச் செம்புக் கம்பி வருகிறதென்றால் அதையும் பிடுங்குங்கள். மின்னல் அந்த வழியாக வந்து ரவுட்டரையும் கொம்பியூட்டரையும் தாண்டி இன்டர்ஃபேஸ் வரை போகும். விநியோகப் பலகையில் மின்னெழுச்சிக் காப்பான் போடுவது நல்லது, ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் அது பெயருக்குத்தான் இருக்கும். ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்பதை வைத்து எர்த்தை அளவிட முடியாது. மண்ணில் அடித்த எர்த் கம்பியின் மின்தடையை மீற்றர் போட்டு அளக்கச் சொல்லுங்கள்.

அணைத்துப் பழகுபவர்கள் ஒன்றை எதிர்பார்த்திருக்கவேண்டும். சில பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் நன்றாக ஓடி, ஒரு நாள் அணைத்ததும் எழும்ப மறுக்கும். பெரிய மின்மாற்றி இல்லாத சுவிட்ச் மோட் மின்வழங்கிக்குள், கட்டுப்பாட்டு ஐசிக்குப் பக்கத்தில் 10 முதல் 47 மைக்ரோஃபரட்டுக்குள் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும்; தொடங்கும் உந்தலைத் தருவது அதுதான். சூட்டில் அது வற்றியிருந்தாலும் ஓடும்வரை தெரியாது. குற்றம் அணைத்ததில் இல்லை, நோய் முன்னமே இருந்தது. 105 பாகை வகையில், அதே வோல்ட் அளவில் மாற்றினால் பெரும்பாலும் எழும்பிவிடும். விலையோ ஒரு பிளேன்டிக்குக்கூடக் காணாது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்; தெரிந்தவர் கையால்தான் திறக்கவேண்டும்.

நீண்ட மூடலில் மட்டும் அணைத்தே வைப்பதும் தீங்கு. 2020 ஊரடங்குபோல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் ஒட்சைட் படலம் மெலியும், சொக்கெட்டுகள் கறுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒருவர் வந்து ஏசியோடு எல்லாவற்றையும் இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டு, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு ஃபேடரையும் மேலும் கீழும் இருபது தடவை இழுத்துவிட்டுப் போகலாம். அது தவறிப்போய், ஓர் ஆண்டுக்கு மேல் தூங்கிய மின்மாற்றி வகைக் கருவியை எழுப்பவேண்டி வந்தால் நேராகச் சுவரில் செருகாதீர்கள். 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்து அதன் வழியாகக் கரண்ட் கொடுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கினால் ஒரு மணித்தியாலம் அப்படியே விட்டு, அடுத்ததாக நேரடி மின்சாரத்துக்கு மாற்றலாம். மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே பிடுங்கிவிடுங்கள். உள்ளே எங்கோ குறுக்குச் சுற்று. மின்வழங்கியின் பெரிய கெப்பாசிட்டர்களில் இருந்து தேடத் தொடங்கலாம்.